பேஸ் கிடார் வாங்குவது வெட்டிச் செலவா?

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவன் தன் சம்பளத்தை என்ன செய்ய வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்க வேண்டும். சீட்டுக் கட்ட வேண்டும். ஊரில் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு எழுப்ப வேண்டும். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவரோ, எர்ணாகுளத்தில் ஆபீஸ் குமாஸ்தாவோ, வாத்துருத்தியில் குடியிருக்கும் கூலித் தொழிலாளியோ, இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டே தனக்கென்று ஒரு பேஸ் கிடார் வாங்கிவிட்டால் போதும். "ஏம்ப்பா, வேலை பார்க்கப் போனியா, கச்சேரி பண்ணப் போனியா?" என்று திண்டுக்கல்லிலிருந்தும் தேனியிலிருந்தும் போன் வந்துவிடும். பீடி சிகரெட்டுக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் மாதாமாதம் போகிற பணத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அறை மூலையில் சாய்த்து வைத்த கிடார் மட்டும் எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது.

கேள்வி அநியாயமானது என்று சொல்லிவிட முடியாது. வெளிமாநிலத்தில் வேர்வை சிந்திச் சேர்க்கும் பணம் அருமையானது. ஆனால் உழைக்கிறவனுக்கு மாலைப் பொழுது என்று ஒன்றும், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றும் இருப்பதைக் கேட்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தைப் படுத்தும் அரட்டையடித்தும்தான் கழிக்க வேண்டும் என்று விதி ஏதுமில்லை. கடன் வாங்காமல், பார்த்துப் பார்த்து வாங்கி, மழைக்காலத்தில் கெடாமல் காப்பாற்றினால், பேஸ் கிடார் அந்த மாலைப் பொழுதுக்கு ஏற்ற வாத்தியம். நாலு பேர் சேர்ந்து தங்கும் அறைக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடைப்பது அரிது.

சாதாரண கிடாருக்கு ஆறு தந்தி. பேஸ் கிடாருக்கு வழக்கமாக நாலு. தந்திகள் தடிமனானவை, கழுத்து நீளமானது. கிடாரின் தடித்த நாலு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே இதன் சுரங்கள் நிற்கும். மிகத் தடித்த தந்தியை மீட்டினால் வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். அது காதில் விழுவதைவிட நெஞ்சில் படுவது அதிகம். பாட்டைக் கேட்கும்போது இது தனியாகத் தெரியாது. எடுத்துவிட்டால்தான் ஏதோ குறைவது தெரியும்.

தமிழர்களின் காதுக்கு இந்த நாதம் பழக்கமானதுதான். 1976-ல் 'அன்னக்கிளி'யுடன் வந்த இளையராஜா, பேஸ் கிடாருக்குத் தமிழ்ப் பாட்டில் தனி இடம் ஏற்படுத்திக் கொடுத்தார். 'ஜானி', 'மூடுபனி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' ஆகிய மூன்றும் 1980-ல் வந்த படங்கள். அவற்றின் பாடல்களை இன்று நல்ல ஹெட்போனில் கேட்டால், பாடகரின் குரலுக்கு அடியில் இன்னொரு ராகம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பது விளங்கும். டீக்கடை ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் அந்தக் காலத்தில் பாதிகூடக் காதில் விழாத சங்கதி அது. இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரஹ்மானின் பல பதிவுகளில் வாசித்தவர் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ். பாடியவர் பெயரையும் நடித்தவர் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ரசிகர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியும்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் 1936-ல் தென் கரோலினாவில் பிறந்து, 1954-ல் தாயாரிடம் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தவர். கார்த் தொழிற்சாலைகளில் பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்து சேர்ந்த ஊர் அது. மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனி 1960-களில் உலகமெங்கும் விற்ற பாட்டுகளில் ஏராளமானவற்றுக்கு பேஸ் வாசித்தவர் அவர்தான். வலக்கையின் ஒரே விரலால் மீட்டுவார். உறைமீது அவர் பெயர் அச்சாவதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1983-ல் அந்தக் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவை அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து பார்த்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டே இறந்தும் போனார். இன்று உலகில் எந்த மூலையில் யார் பேஸ் கற்றுக்கொண்டாலும் அவர் வாசித்ததைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

குமாஸ்தாக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொருவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாக்காரர், கணக்கு எழுதிப் பிழைத்தவர். வேலை போனது. 1938-ல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை போட்டார். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது. ஆனால் கடைக்கு வந்த வாத்தியக்காரர்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்டார். அதுவரை கீழ்ச்சுரம் வாசிக்க ஆளுயரப் பெரிய பிடில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கூட்டத்தில் அதன் ஒலி எடுபடாது. விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி பிசகும். 1930-களிலேயே ஒன்றிரண்டு பேர் மாற்று வழி தேடிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. ஃபெண்டர் 1951-ல் வீணைக்கு மெட்டு வைப்பதுபோல் கழுத்தில் கம்பி பதித்த, தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விரல் வைத்தால் சுருதி துல்லியமாக நிற்கும் என்பதால் 'பிரிசிஷன்' என்று பெயர். அன்று அவர் வைத்த 34 அங்குலத் தந்தி நீளம்தான் இன்றும் பெரும்பாலான பேஸ் கிடார்களுக்கு அளவு.

கொச்சிக்கும் இது அந்நியச் சரக்கல்ல. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிடார் இருக்கும். திருவிழாக் கானமேளாவிலும் கல்யாண மண்டபத்திலும் இருக்கும். எர்ணாகுளம் சீலார்ட் ஓட்டலில் வாசித்து வந்த '13 ஏ.டி.' என்ற உள்ளூர் ராக் குழு, 1990-ல் 'கிரவுண்ட் ஜீரோ' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டு நாடெங்கும் பேர் வாங்கியது. பிற்பாடு 1996-ல் தோன்றிய 'மதர்ஜேன்' குழுவும் இந்த ஊர்தான். அதன் பேஸ் வாசிப்பாளர் கிளைட் ரொசாரியோ. உழைப்பாளிகள் குடியிருக்கும் மட்டாஞ்சேரிப் பக்கத்துக்கு இசைப் பைத்தியம் என்றுமே உண்டு. 1981-ல் மறைந்த பாடகர் மெஹ்பூபை அந்தத் தெருக்கள் இன்னும் மறக்கவில்லை. 2018-ல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயி, மட்டாஞ்சேரியிலிருந்து தொழில் கற்க பம்பாய்க்குப் போனவர். போன இடத்தில் முஜாவர் அலியிடம் சங்கீதம் கற்றுக்கொண்டு திரும்பினார். கூலிக்காரன் வீட்டில் ஆர்மோனியம் எதற்கு என்று அந்த ஊர் கேட்டிருந்தால் இவர்களெல்லாம் வந்திருக்க முடியாது. தமிழர்கள் மட்டும் ஏன் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

கூட்டுக் குடித்தன அறைக்கு இது பொருத்தம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்மோனியம் வாசித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். மிருதங்கம் தட்டினால் தெருவுக்கே கேட்கும். மின்சார பேஸ் கிடாரின் உடம்பு கெட்டியான மரத்துண்டு. உள்ளே பொள்ளல் கிடையாது. மின்சாரத்தோடு சேர்க்காமல் மீட்டினால், இரவு ஷிப்ட் முடித்துவந்து பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். வாசிக்கிறவர் காதுக்கு மட்டும் நன்றாகக் கேட்க வேண்டுமானால், தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்கள் கிடைக்கின்றன. இதற்கு நேர்மாறான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பெரிய ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துவிட்டால் இதைப்போல் அக்கம்பக்கத்தைப் படுத்தும் வாத்தியமும் வேறில்லை. அந்தக் கீழ்ச்சுரத்தின் ஒலி அலை ஒவ்வொன்றும் சுமார் 27 அடி நீளம். ஒற்றைச் செங்கல் சுவரும் பிளைவுட் தடுப்பும் அதற்கு ஒரு பொருட்டல்ல. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்ன பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

இனி வாங்கும் விஷயம். யமஹா, இபானெஸ் போன்ற கம்பெனிகளின் ஆரம்ப நிலை பேஸ் புதிதாக ஏறத்தாழ 15,000 முதல் 25,000 ரூபாய் வரை ஆகும். இதைவிடக் குறைந்த விலையில் இந்தியத் தயாரிப்புகளும் உண்டு. அவற்றை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. இறக்குமதி கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில், 'கிவ்சன்' போன்ற உள்நாட்டுக் கிடார்களில்தான் பலர் விரல் பழகினார்கள். ஆனால் உள்நாட்டுச் சரக்கில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம். கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

குறைந்த வருமானக்காரருக்கு உத்தமமானது பழைய கிடார். கானமேளாக் குழுக்களும் கோயில் பாடகர் குழுக்களும் இருக்கிற ஊரில் கைமாறும் வாத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. உற்சவ காலத்தில் எவரும் விற்கமாட்டார். ஆடி மாதம், மலையாளத்தார் சொல்லும் கர்க்கடகம், மேடை நிகழ்ச்சிகள் ஓய்ந்து மழை கொட்டும் காலம். விற்கிற மனம் வருவது அப்போதுதான். பேரம் பேசுகிறவருக்கும் அதுவே நல்ல நேரம். அதோடு, மழைக்காலத்தில் சரியாக இருக்கிற கழுத்து கோடையிலும் பெரும்பாலும் தொந்தரவு தராது.

பார்க்கும் முறை தச்சர் பலகை பார்க்கும் முறையேதான். தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் கழுத்தின் நீளத்தைப் பார்க்க வேண்டும். லேசான வளைவு இருக்கலாம். முறுக்கல் இருந்தால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிட வேண்டும். கழுத்துக்குள் இரும்புக் கம்பி ஒன்று ஓடுகிறது. தந்திகளின் இழுவையால் கழுத்து வளைந்துபோகாமல் தாங்குவது அதுதான். அந்தக் கம்பியின் திருகு வழுக்குகிறதா, ஏற்கெனவே முழுக்க முறுக்கப்பட்டு இனி இடமில்லாமல் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு பிரெட்டாக அழுத்தி மீட்ட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, விற்கிறவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். எங்காவது ஒலி செத்து விழுந்தால், எங்காவது கரகரத்தால், விலையில் பேசிக்கொள்ளலாம். குமிழ்களைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரிய குறையல்ல. சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்தால் பெரும்பாலும் போய்விடும். தலைப்பகுதி ஒடிந்து ஒட்டியிருந்தால் மட்டும் நன்றாக யோசிக்க வேண்டும். தலையில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரை நம்பி எதையும் தீர்மானிக்கக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்ட இரண்டு நிமிஷம் போதும்.

கை சின்னதாக இருப்பவர்களுக்கு 30 அங்குல நீளத்தில் குட்டை பேஸ்களும் உண்டு. ஆனால் மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை தூக்கிக் காய்ப்பேறிய கைகளுக்குத் தடித் தந்தி ஒரு பொருட்டே அல்ல. மேஜை வேலைக்காரர்களுக்குத்தான் முதல் மாதம் விரல் நுனி எரியும்.

கடன் வாங்கி விலை உயர்ந்ததை வாங்குவதை எந்த விதத்திலும் ஆதரிக்க முடியாது. மாதத் தவணையில் தருகிறோம் என்று கடைக்காரர்கள் வலிய அழைக்கிறார்கள். தவணை நிற்கிற மாதத்தில், வீட்டுக்கு அனுப்பும் பணத்தில்தான் கை வைக்க வேண்டிவரும். அப்போது ஊரில் கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்காது. சீட்டுப் பணம் கைக்கு வரும்போது அதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது ஓராண்டு சேர்க்கலாம். ஓராண்டு சேர்த்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் அது நிஜமான ஆசை.

வாங்கிய பிறகு முதல் செலவு, தந்தி உயரத்தையும் கழுத்து வளைவையும் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்குவது. மலிவான கிடாரும் இதைச் செய்தால் வாசிக்க இதமாகிவிடும். இதைச் செய்யாத விலை உயர்ந்த கிடார் விரலைக் கொல்லும். கழுத்துத் திருகைத் தானே திருப்ப விரும்புகிறவர், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக்கூடாது. திருப்பிவிட்டு ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். முதல் பிரெட்டையும் கழுத்து உடம்போடு சேரும் இடத்துப் பிரெட்டையும் ஒரே தந்தியில் அழுத்தினால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரியான வளைவு.

கொச்சியில் கிடாருக்குப் பகை ஈரக் காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து இரும்பையும் நிக்கலையும் தின்னும். மழைக்காலத்து ஈரம் என்ன செய்யும் என்பதைக் கோட்டைக் கொச்சி வெளி டோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் துணி காய மறுக்கிற நாளில் தந்தி துருப்பிடிக்கிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளை மேலும் கீழும் துடைத்தால் பாதி ஆயுள் கூடும். வெளிச்சுவரில் சாய்த்து வைக்கக்கூடாது. உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்துக் காற்றாட வாசிக்க வேண்டும். பூட்டி வைத்த கிடார்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும்.

விரல் படும் பலகை பெரும்பாலும் ஈட்டி மரம். தமிழிலும் மலையாளத்திலும் ஈட்டிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் அந்த மரத்தையே உலகத்துக் கிடார்க் கம்பெனிகள் பல காலமாக வாங்கிப் போகின்றன. வீட்டில் வளர்ந்த பிள்ளை வெளிநாடு போய்த் திரும்பி வந்த மாதிரி! அதற்கு வருஷத்தில் ஒன்றிரண்டு முறை, அதற்கென்று விற்கும் எண்ணெயை ஒரு சொட்டு தடவித் துடைத்தால் போதும். கேரளத்தில் இருக்கிறோம் என்று தேங்காயெண்ணெய் பூசினால் சிக்கு வாடை அடிக்கும், அழுக்கும் அப்பிக்கொள்ளும். சில கிடார்களுக்கு உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். வாசிக்காதபோது ஒயரைப் பிடுங்கி வைத்தால்தான் அது தீராமல் இருக்கும். மாதக்கணக்கில் தொடாமல் கிடந்தால் கசிந்து உள்ளே அரித்துவிடும்.

தந்தி ஒரு செட் 1,500 முதல் 2,500 ரூபாய் வரை ஆகிறது என்பது பலருக்குச் சங்கடம். இதற்கு வாசிப்பவர்களிடையே பழைய உபாயம் ஒன்றுண்டு. தந்திகளைக் கழற்றிச் சுருட்டி, பத்து நிமிஷம் கொதிநீரில் போட்டெடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தினால், அழுக்கு நீங்கிக் கொஞ்ச நாளைக்குப் புதுத் தந்தி போல ஒலிக்கும். அறைத் தோழர் பசியோடு வந்து மூடியைத் திறந்து பார்த்தால் அதற்கு யாரும் பொறுப்பல்ல. இதுகூட அவசியமில்லை. முன்னே சொன்ன ஜேமர்சன், தந்தி அறுந்தால் ஒழிய மாற்றியதே இல்லை என்பார்கள். அவருடைய மங்கலான, மெத்தென்ற நாதத்துக்கு அந்தப் பழந்தந்திகளும் ஒரு காரணம்.

பேஸை டி.வி. ஸ்பீக்கரிலோ வீட்டு ஸ்டீரியோவிலோ செருகி வாசிப்பது பலரும் செய்யும் தவறு. ஓங்கி மீட்டும் அடியின் வேகம் பாட்டு கேட்பதற்காகச் செய்த ஸ்பீக்கரைக் கிழித்துவிடும். பேஸுக்கென்று செய்த சின்ன ஆம்ப்ளிஃபயரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், அதுவரை ஹெட்போனே போதும்.

வாசிக்கக் கற்பது பயப்படும் அளவுக்குக் கஷ்டமல்ல. பிரெட்டுகள் எல்லாம் அரைச் சுர இடைவெளியில் இருப்பதால் கணக்கு எளிது. எங்கே விரல் வைத்து 'ச' என்று கொண்டாலும், அடுத்த மெல்லிய தந்தியில் அதே பிரெட் சுத்த மத்திமம். அதிலிருந்து இரண்டு பிரெட் தள்ளினால் பஞ்சமம். அதற்கும் அடுத்த தந்தியில் பஞ்சமத்தின் அதே பிரெட்டில் மேல் ஸ்தாயி 'ச'. ச, ப, மேல் ச: இந்த மூன்றை மட்டும் தாளம் தவறாமல் வாசித்தால் பல சினிமாப் பாட்டுகளுக்குப் பக்கவாத்தியமாக உட்கார்ந்துவிடலாம். விரல் வேகம் பிறகு தானாக வரும். காலப்பிரமாணம்தான் வர வேண்டும். தவில்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது இரண்டு வாரத்து வேலை.

ஆனால் இது தனியாக வாசித்து நிறைவு பெறும் வாத்தியமும் அல்ல. பாடுகிறவர் ஒருவர் வேண்டும், தாளம் போட ஒருவர் வேண்டும். இந்த இடத்தில்தான் கேரளத்திலுள்ள தமிழ்ச் சங்கங்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் வெளியூரிலிருந்து மெல்லிசைக் குழுவை வரவழைத்து ஒரே ராத்திரியில் பெருந்தொகையைச் செலவழிக்கிறார்கள். நல்ல நிகழ்ச்சிதான், குறை சொல்வதற்கில்லை. அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குக்கு ஒரு பேஸ் ஆம்ப்ளிஃபயரும், ஒரு மைக்கும், ஒரு ஜோடி தபேலாவும் வாங்கிச் சங்கத்துக் கூடத்தில் வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலு முதல் ஆறு வரை கதவைத் திறந்து வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் வந்து வாசிக்கலாம் என்று அறிவிக்கலாம். மழைக்காலத்தில் ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைக்காமல் பெஞ்சின் மேல் வைக்க ஒருவரைப் பொறுப்பாக்கினால் போதும். அடுத்த பொங்கலுக்குள் இரண்டு மூன்று பாட்டுகளாவது உள்ளூர் ஆட்களே மேடையேறி வாசிக்கும்படி ஆகிவிடும்.